புத்தி விவரம்

விண்ணப்பத்தில் நாலாவது கட்டம்:
'புத்தி விவரம் வந்த வயது'.
எந்தக் காலத்தில் அச்சடித்த தாளோ,
பங்கு அலுவலகத்தில் இன்னும் ஒரு கட்டு மிச்சமிருக்கிறது.
தஸ்நேவிஸ் பெயருக்கு நேரே
மூன்று வாரமாய் அதை வெறுமனே விட்டிருக்கிறேன்.

முப்பத்தொரு வயது. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறான்.
எந்தப் பார் எங்கே பிளக்கும் என்று
தட்டிப் பார்க்காமலே அவனுக்குத் தெரியும்.
ஜெபத்தில் மட்டும்
'எங்கள்' வரைக்கும் வருவான்,
எங்கள், எங்கள் என்று அங்கேயே நின்றுவிடுவான்.
"இன்னாத்துக்கு டீச்சர் ஒனக்கு இந்தப் பாடு?" என்பான் அண்ணன்.
ஆனாலும் ஞாயிறு மூணு மணிக்கு
பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடத் தவறியதில்லை.

எங்களுக்கு ஒதுக்கியது
கோயிலுக்குப் பின்னால் குடில் சொரூபங்கள் வைக்கிற அறை.
தினத்தாளில் சுற்றிய மூன்று ராஜாக்கள்,
கால் உடைந்த ஒட்டகம்,
டிசம்பர் வரை குப்புறக் கிடக்கும் சம்மனசு.
ஆறு பேர். ஒரு மின்விசிறி.
வெளியே துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும்
கண்டெய்னர் லாரிகளின் ஹாரன்.

சிலுவை அடையாளம் போடவே எட்டு மாசம்.
நெற்றி. நெஞ்சு. இடது தோள். வலது தோள்.
அங்கே நிற்காது அவன் கை,
பக்கத்தில் இருப்பவர் தோளையும் தொட்டுவிட்டுத்தான் இறங்கும்.
எட்டு மாசமும் அதைத்தான் திருத்தினேன்.
கையைப் பிடித்து மடியில் வைத்து,
"அவ்ளோதாம்பா, முடிஞ்சுது."
அவனுக்கு முடியவில்லை.

புதிதாய் வந்த சின்னச் சாமியார் நல்லவர்,
திருச்சபைச் சட்டம் படித்தவர்.
ஒரு தட்டில் மேரி பிஸ்கட்,
இன்னொன்றில் இன்னும் மந்திரிக்காத அப்பம்.
"வித்தியாசம் தெரியுதா பாப்போம்,
அது போதும்."
பிஸ்கட்டைச் சட்டையெல்லாம் உதிரத் தின்றான்.
அப்பத்தைப் பார்த்தான்.
எழுந்து வெளியே போய்விட்டான்.
"விடுங்க டீச்சர், அடுத்த வருஷம் பாக்கலாம்."
சாமியாருக்குப் போன் வந்தது.

குழாயடியில்
முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தான்.
திரும்பி வந்து ஈரக் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.
மோந்து பார்த்தேன்.
சோப்பு.
அதற்கு அடியில், எந்தச் சோப்புக்கும் போகாத சங்கரா.

எனக்குப் புதுநன்மை ஏழு வயதில்.
வெள்ளைக் கவுன், வலைத் துணி முக்காடு,
சித்தப்பா வாங்கித் தந்த கைக்கடிகாரம்.
நாக்கில் அப்பம் ஒட்டிக்கொண்டிருக்க
மணி பார்த்தேன்.
கையைக் கழுவினேனா, நினைவில்லை.

கொரற்றியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
கீபோர்டு தொடங்கினால் காதைப் பொத்தி அலறுவாள்.
"பூசை கெடுதும்மா" என்று
மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி ஒருநாள் திரும்பினாள்.
அன்றிலிருந்து பதினோரு வருஷம்
வாசலில், செருப்புகளுக்கு நடுவே நின்று
பூசை காண்கிறார்கள் தாயும் மகளும்.
யார் செருப்பு யாருடையது என்று
கொரற்றிக்கு அத்துப்படி.
மாறிப் போட்டால் விடமாட்டாள்.

நாள் வந்தது.
அண்ணனுடைய கல்யாணச் சட்டை, தோள் கொஞ்சம் தொளதொள.
"கிறிஸ்துவின் உடல்" என்றார் சாமியார்.
ஆறு வாரம் ஆமென் பழக்கியிருந்தேன்.
விடியலில் விசைப்படகு முனை திரும்பும்போது
ஐஸ் மேட்டில் ஏறி நின்று கத்துவானே
அதே குரலில், கோயில் திரும்பிப் பார்க்க,
"வந்துச்சு!" என்றான்.
சாமியாரின் கை அரை நொடி அந்தரத்தில் நின்றது.
பிறகு கொடுத்தார்.

பெஞ்சுக்கு வந்து
நெற்றி, நெஞ்சு, தோள், தோள்,
அப்புறம் என் தோள்.
நான் எடுத்துவிடவில்லை.

நாலாவது கட்டம் இன்னும் காலிதான்.
ஆபீஸில் கேட்டால்
பேனா எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.
நாளைக்குப் பர்மா பஜார் போக வேண்டும்.
காதை முழுக்க மூடுகிற மஞ்சள் அடைப்பான்,
டிரில் போடுகிறவர்கள் மாட்டுவது,
நானூறு சொல்கிறான்,
இருநூற்றைம்பதுக்குக் கேட்டுப் பார்க்கணும்.
கொரற்றி தலை கொஞ்சம் பெரிது.
அளவு எடுக்க மறந்துவிட்டேன்.